கடலுக்குள் போனவர்களை எண்ணிக் கரையேற்றுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 44, தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிற வேலை. ஆறு வருடமாக வாரத்தில் மூன்று நாள், விடியற்காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போய்க் கடலில் நீந்திவிட்டு, வீட்டுக்கு வந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். கடல் நீச்சல் போட்டி என்று நம் பக்கம் எங்கே அறிவித்தாலும் பேர் கொடுத்துவிடுவேன். என்னைப் போல வங்கியில் இருப்பவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், டாக்டர்கள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள் என்று நிறைய பேர் இதற்குள் வந்துவிட்டார்கள். கடல் நீச்சல், நீச்சல் சைக்கிள் ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான், துடுப்புப் போடுகிற சின்னப் படகான கயாக், நின்றபடி துடுப்புப் போடுகிற பலகைப் போட்டி, அலைச்சறுக்கு என்று நம் கரையோரத்தில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. இதெல்லாம் நடக்க வேண்டும், இன்னும் அதிகமாக நடக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு யாராவது அதிகாரி "சரி, இனிமேல் கடலில் போட்டியே வேண்டாம்" என்று உத்தரவு போட்டுவிடக் கூடாது.

சென்ற மார்ச் மாதம் இங்கே ஒரு கடல் நீச்சல் போட்டி நடந்தது. நடத்தியவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை, அவர்கள் ஒருவரோடு முடிகிற விஷயம் இல்லை இது. நுழைவுக் கட்டணம் 2,500 ரூபாய். கரையிலிருந்து 700 மீட்டர் உள்ளே, ஒன்றுக்கொன்று 900 மீட்டர் தள்ளி, தெற்கே ஒன்றும் வடக்கே ஒன்றுமாக இரண்டு ஆரஞ்சு மிதவைகள் போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி இரண்டு சுற்று. போய் வருகிற தூரத்தையும் சேர்த்தால் 5 கிலோமீட்டர். நாங்கள் 180 பேருக்குக் கொஞ்சம் மேலே இருப்போம். மூன்று படகு, நாலு கயாக்.

காலை ஆறரை மணிக்கு விசில் ஊதினார்கள். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது, அலை முழங்கால் உயரம்கூட இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் வரிசையாக நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மேலதான் சும்மா கெடக்கு, உள்ள வடக்க இழுக்குது, பாத்துப் போங்கம்மா" என்றார். எனக்கும் என் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும்தான் அது காதில் விழுந்தது. மைக் வைத்திருந்தவர்கள் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் செல்போனில் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் பார்த்திருந்தார்கள், இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

நம் கரையோரத்துத் தண்ணீருக்கு ஒரு வருடப் பழக்கம் இருக்கிறது. மாசி, பங்குனியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரைக்கும் பொதுவாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் திரும்பித் தெற்கே ஓடும். வருடத்தில் அதிக நாள் வடக்கே ஓடுவதால் மணலும் மொத்தத்தில் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டிச் சுவர் கட்டியபோது அந்த மணல் தெற்கேயே தேங்கிவிட்டது, வடக்கே வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலை நகர் வரைக்கும் கரை அரித்துக்கொண்டு போனது, இப்போது அங்கெல்லாம் கருங்கல் குவியல்தான் கரை. இந்த ஓட்டத்தைப் பற்றிக் கரையில் வசிக்கிற சின்னப் பையனைக் கேட்டால்கூடச் சொல்லுவான். காற்றே இல்லாத நாளிலும், அலையே தெரியாத நாளிலும் அது ஓடும்.

இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். என் மாதிரி ஆட்கள் ஒரு மணி நேரத்தில் இரண்டரை கிலோமீட்டர் நீந்துவோம். நீரோட்டம் ஒரு நாட் வேகத்தில் எதிரே வந்தால் அது மணிக்கு 1.85 கிலோமீட்டர். கழித்தால் மிச்சம் 650 மீட்டர். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்துக் கை வீசினாலும் அவ்வளவுதான் முன்னேற முடியும். போட்டியில் முதலாவதாக வருகிற இளைஞன் மணிக்கு நாலரை கிலோமீட்டர் போகிறவன், அவனுக்கு அது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். பின்னால் வருகிற நூறு பேருக்கு அது வேறு கடல்.

வடக்கு மிதவைக்குப் போகும்போது பறந்துகொண்டு போனேன். நானே ஆச்சரியப்பட்டேன், அப்போதே புரிந்திருக்க வேண்டும். திரும்பித் தெற்கே பார்த்து நீந்தத் தொடங்கியதும் இடது பக்கம் வெயில் கண்ணைக் குத்தியது, அதனால் வலது பக்கமே தலையைத் திருப்பி மூச்செடுத்தேன், அந்தப் பக்கம்தான் கரை. கரையில் ஒரு சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் ஒரு செல்போன் கோபுரம். இருபது கைவீச்சுக்கு ஒரு தடவை பார்ப்பது என் வழக்கம். பார்க்கிறேன், கோபுரம் தோப்பின் நடுவில் இருக்கிறது. இன்னும் இருபது, இன்னும் இருபது, நூறு, இருநூறு. கோபுரம் தோப்பின் நடுவிலேயேதான் இருக்கிறது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த மஞ்சள் தொப்பிகள் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவும் தெம்பு இல்லை.

அப்படியே எவ்வளவு நேரம் போயிருக்குமோ, கழுத்திலும் முன்னங்கையிலும் சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டது. கடலில் இறங்குகிறவர்களுக்குத் தெரியும், சூட்டுக்கோலை வைத்து இழுத்த மாதிரி இருக்கும். துள்ளினதில் கெண்டைக்கால் சதை இரண்டும் பிடித்துக்கொண்டன. இடுப்பில் கட்டியிருந்த ஆரஞ்சு மிதவையை நெஞ்சுக்கு அடியில் கொண்டுவந்து கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கினேன். கையைத் தூக்கினால் கயாக் வரும் என்றுதான் முந்தின நாள் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். யாரும் வரவில்லை. படகுகள் எல்லாம் முன்னால் போகிறவர்களோடு தெற்கே இருந்தன, அதில் ஒன்று படம் எடுப்பவர்களுடையது. ட்ரோன்கூட அவர்கள் தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

பயந்தேனா என்று கேட்கிறார்கள். முதல் அஞ்சு நிமிடம் பயந்தேன். அப்புறம் கால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. எதிர்த்து நீந்தக் கூடாது, ஓட்டம் கொண்டுபோகிற பக்கம் போய்க்கொண்டே கரைப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வர வேண்டும் என்று எத்தனையோ தடவை புதியவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதையே செய்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். பாதி தூரம் கரைக்கு வந்திருப்பேன், தாழங்குடா பக்கம், தென்பெண்ணை முகத்துவாரம் தூரத்தில் தெரிகிற இடத்தில், மீன் பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகு என் மிதவையைப் பார்த்து எஞ்சினை நிறுத்தியது.

"ஏம்மா, இங்க எங்க வந்த? ஒன்னோட வந்தவங்கள்லாம் எங்க?" என்று கேட்டார் படகில் இருந்த அண்ணன். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, நாக்கு உப்பில் தடித்துப் போயிருந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். வலைக்குள் காணாங்கெளுத்தி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது, அதன்மேல்தான் விழுந்தேன். சின்னவர் தன் தலைத்துண்டை அவிழ்த்து என் தோளில் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். கழுத்தை நல்ல தண்ணீரில் கழுவாதே, கடல் தண்ணீரிலேயே கழுவு என்று அந்த அண்ணன் சொன்னார். அதுவும் சரியான யோசனைதான், நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கிற மிச்சமும் வெடித்து இன்னும் எரியும். தாழங்குடாவில் இறக்கி, ஒரு தம்பியை பைக்கில் கூட்டிப்போய் விடச் சொன்னார்கள். பணம் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார்கள்.

சில்வர் பீச்சுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். மேடையில் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. பாட்டு, கைதட்டல். என் பையை வைத்துக்கொண்டு நின்ற என் தோழி மட்டும் அழுது அழுது முகம் வீங்கி ஒவ்வொரு தொண்டராகப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவர்கள் சொன்ன பதில்: "அவங்க வந்துட்டாங்களே மேடம், டிக் போட்டிருக்கு."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். என் எண் 117. அதற்கு நேரே பச்சை மையில் டிக். ஒரு நிமிடம் எனக்கே தலை சுற்றியது. அப்புறம் கீழே பார்த்தால் 171-க்கு நேரே ஒன்றுமில்லை. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த தவறுதான், இலக்கம் இடம் மாறி விழுவது. பேரேட்டில் இரண்டு பக்கமும் பொருந்தாமல் வருகிற வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் முதலில் இதைத்தான் தேடுவோம். 171-இல் 117 போனால் 54. கரையேறியவர் 171, டிக் விழுந்தது 117-க்கு.

சரி, அவசரத்தில் தவறு நடக்கும். ஆனால் அந்த நோட்டின்படி பார்த்தாலும் 171-ஆம் எண்காரர் இன்னும் கடலில்தானே இருக்க வேண்டும்? அவரையாவது யாராவது தேடினார்களா? இல்லை. அவர் மேடைக்கு முன்னால் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது வேறு. உள்ளே போனவர் எத்தனை, வெளியே வந்தவர் எத்தனை என்று அந்த நோட்டில் கடைசி வரைக்கும் யாரும் கூட்டிப் பார்க்கவே இல்லை. கூட்டிப் பார்க்காமலே மெடலை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது நீரோட்டத்தின்மேல் இல்லை, சொறியின்மேலும் இல்லை. இதன்மேல்தான்.

இது ஏதோ சின்ன ஊரில் அனுபவம் இல்லாதவர்கள் நடத்தியதால் வந்த குறை என்று நினைக்க வேண்டாம். 2010 அக்டோபர் 23-ஆம் தேதி ஐக்கிய அரபு அமீரகத்தில் ஃபுஜைரா என்ற இடத்தில் 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. அமெரிக்காவின் ஃப்ரான் கிரிப்பன் அதில் நீந்தினார், 26 வயது, அதற்கு முந்தின வருடம்தான் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கியவர். தண்ணீர் கடுமையான சூடு. அவர் வந்து சேரவில்லை என்பதைக் கவனித்தவர்கள் அவரோடு நீந்தி முடித்துக் கரையேறிய சக வீரர்கள். களைத்துப் போன அவர்களே மறுபடியும் தண்ணீரில் இறங்கித் தேடினார்கள். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து உடல் கிடைத்தது. உலகத் தரத்தில், அதிகாரிகளும் நடுவர்களும் இருந்த போட்டியிலேயே ஒருவர் குறைவதை உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் தண்ணீரின் வெப்பம் 31 டிகிரிக்கு மேல் இருந்தால் போட்டி நடத்தக் கூடாது என்ற விதி வந்தது. குளிருக்கும் ஓர் எல்லை உண்டு, 16 டிகிரி. நம் வங்கக் கடலுக்கு அந்தக் குளிர் எல்லை தேவைப்படாது, ஆனால் சித்திரை, வைகாசியில் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். எட்டு மணிக்குத் தொடங்கி பத்தரை வரைக்கும் நீந்த விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தண்ணீருக்குள் வியர்ப்பது நமக்குத் தெரியாது, தாகமும் தெரியாது.

நான் கிணற்றில் நீந்தக் கற்றவள். பண்ருட்டிப் பக்கம் எங்கள் தாத்தா ஊரில், இடுப்பில் தாம்புக்கயிறு கட்டி இறக்கி, மாமா மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். 1994-இல் குற்றாலீஸ்வரன் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த செய்தி வந்தபோது அவருக்கும் எனக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் பேப்பரை வாசித்துக் காட்டினார்கள். ஒரே வருடத்தில் ஆறு நீரிணைகளைக் கடந்து மிஹிர் சென்னின் சாதனையை அவர் தாண்டினார் என்று கேட்டதிலிருந்து கிணற்றில் எத்தனை சுற்று வர முடியும் என்று எண்ண ஆரம்பித்தேன். பாக் நீரிணையை எத்தனையோ பேர் கடந்திருக்கிறார்கள். இலங்கையின் வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971-இல் போகவும் வரவும் சேர்த்தே நீந்தினார். 2022 மார்ச்சில் ஜியா ராய் என்ற 13 வயதுப் பெண், ஆட்டிசம் உள்ள பிள்ளை, தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் 13 மணி 10 நிமிடத்தில் வந்தாள். இந்தத் தனி நீச்சல்களில் எல்லாம் ஒருவருக்கு ஒரு படகாவது கூடவே வரும், படகில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு தலையைத் தவிர வேறு வேலை கிடையாது. அலைச்சறுக்கிலும் அப்படித்தான். மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டி நடந்து ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரே, அந்த மாதிரிப் போட்டிகளில் ஒரு நேரத்தில் மூன்று நாலு பேர்தான் தண்ணீரில் இருப்பார்கள், ஆளுக்கொரு நிறத்தில் சட்டை, நடுவர்கள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டமாக இறங்கும் கடல் நீச்சலில்தான் நூற்றெண்பது தலைகளும் ஒரே மஞ்சள் தொப்பியில் ஒன்று மாதிரியே தெரிகின்றன.

ஆகவே நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. பாதரட்சையை விட்டுவிட்டுப் பாடலீஸ்வரர் கோயிலுக்குள் போனால்கூட டோக்கன் கொடுக்கிறார்கள், செருப்பைத் திரும்ப வாங்கினவுடன் டோக்கன் ஆணிக்குத் திரும்பிவிடும், எந்த ஆணி காலி என்று ஒரு பார்வையில் தெரியும். அதே மாதிரி ஒரு பலகை போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஆணி, ஆணியில் ஒரு தகடு. தண்ணீரில் இறங்குகிறவர் தன் கையால் தகட்டை எடுத்து இடுப்பு மிதவையில் மாட்டிக்கொள்ள வேண்டும், கரையேறியதும் தன் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். பாதியில் விட்டுவிட்டுப் படகில் வருகிறவரும் அப்படியே. வேறு யாரும் அவருக்காக டிக் போடக் கூடாது. எந்த ஆணி காலியோ அவர் கடலில் இருக்கிறார். ஒரு ஆணி காலியாக இருக்கும் வரைக்கும் பரிசளிப்பு கிடையாது, படகு ஒன்றும் கரைக்குத் திரும்பாது. காலில் சிப் கட்டி நேரம் பார்க்கிற வசதி இருந்தாலும் இருக்கட்டும், அது வேலை செய்யாமல் போகிற நாளும் உண்டு, பலகைக்கு மின்சாரம் வேண்டாம்.

அப்புறம் படகு. முன்னால் போகிறவர்களுக்கு ஒன்று போதும், கடைசியில் வருகிற ஆளுக்குப் பின்னால் ஒரு படகு கட்டாயம் வர வேண்டும், அவரைத் தாண்டி அது முன்னே போகவே கூடாது. அந்தப் படகுகளில் நம் மீனவர்கள் இருக்க வேண்டும். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் சிங்காரத்தோப்பிலும் ஊர்ப் பஞ்சாயத்தில் போய்ப் பேசி, போட்டிக்கு ஒரு வாரம் முன்பும் போட்டியன்று காலையிலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டு, அதற்கேற்றபடி வழியைப் போடுங்கள். வடக்கே ஓடுகிற மாதத்தில் தெற்கே தொடங்கி வடக்கே முடியுங்கள், திரும்பி வரச் சொல்லாதீர்கள். புதுச்சேரியில் நடத்தினால் வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் தள்ளிவிட்டால் ஏறுவதற்கு மணல் இல்லை, கல்தான், அலையில் கல்மேல் மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கெல்லாம் படகுக்காரர்களுக்கு ஒரு நாள் மீன்பாடும் டீசலும் கணக்குப் பார்த்துக் கூலி கொடுங்கள். பனியனுக்கும் வளைவுக்கும் ட்ரோனுக்கும் பணம் இருக்கிறதே. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிகள் எத்தனையோ பேர் வேலை இல்லாமல் கரையில் இருக்கிறார்கள். தடைக்காலத்தில் நடத்துவதாக இருந்தால் விடிகிற நேரத்தில் தொடங்கி ஏழரை மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பேர் கொடுக்கிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். குளத்தில் சுவரை உதைத்து உதைத்து 5 கிலோமீட்டர் நீந்திய சான்றிதழை வைத்துக்கொண்டு நேரே கடல் போட்டிக்கு வராதீர்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலில் கால் வைப்பதாகச் சொன்னாள், அலை உடைகிற இடத்தைத் தாண்டவே அவளால் முடியவில்லை, நல்லவேளை அங்கேயே திரும்பிவிட்டாள். முந்தின வாரம் ஒரு நாள் எல்லோரையும் வரவழைத்து, கடலிலேயே ஒரு கிலோமீட்டர் நீந்தச் சொல்லிப் பார்த்து, முடியாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரியாத வேலை இல்லை இது. மாசி மகத்தன்று இதே தேவனாம்பட்டினத்தில் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும்போது எவ்வளவு கூட்டம், போலீஸும் தீயணைப்புத் துறையும் கரை முழுக்க நிற்கிறார்கள். போட்டிக்கு அனுமதி கேட்டு வருகிறவர்களிடம் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் கேட்கிற கேள்விகளோடு, ஆள் எண்ணுகிறவர் யார், கடைசிப் படகு யாருடையது என்ற இரண்டையும் எழுதி வாங்கினால் போதும். கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 இரண்டு எண்களும் மைக் இருக்கிற மேசையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு என் தோழி கேட்டபோது அங்கே இருந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை.

தடை மட்டும் வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன். குஜராத்தில் சோர்வாடிலிருந்து வேராவல் வரைக்கும் 21 கடல் மைல் போட்டி, பெண்களுக்கு ஆத்ரியிலிருந்து 16 கடல் மைல். மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத்தில் பாகீரதி ஆற்றில் 81 கிலோமீட்டர். இவை பல வருடமாக நடந்து வருகின்றன. 2025-இல் டையூவில் நடந்த கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டிலும் கடல் நீச்சல் இருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரை வைத்திருக்கிற நம் தமிழ்நாட்டுக்கும், பக்கத்தில் புதுச்சேரிக்கும் என்ன குறைச்சல்? கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறினார் என்று ஓர் இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பேர் வைத்து, வருடா வருடம் விழாவும் எடுக்கிற ஊர் இது. எங்கள் மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்யவும் 2,500 ரூபாய் கட்டவும் முடிவதில்லை. படகில் என்னைத் தூக்கிய அந்தச் சின்னவருக்கு இருபது வயது இருக்கும், முகத்துவாரத்தை நீந்தியே கடப்பாராம், இதுவரைக்கும் ஒரு போட்டியிலும் கலந்துகொண்டதில்லை. கட்டணம் இல்லாமல் அவர்களுக்கு இருபது இடமாவது ஒதுக்குங்கள், அந்த ஒரு நாட் நீரோட்டத்தை இவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

என் வீட்டில் இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை. அம்மா அந்த நாளிலிருந்து நான் பீச்சுக்குக் கிளம்பும்போது வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார், திரும்பி வந்து தண்ணீர் சொட்டச் சொட்ட எதிரில் நின்றால்தான் எழுந்து உள்ளே போகிறார். நான் போவதை நிறுத்தவில்லை. அடுத்த போட்டிக்கும் பேர் கொடுப்பேன்.

பலகையைச் செய்துவிட்டேன். எங்கள் தெருத் தச்சர் ஒருவர் பழைய கதவுப் பலகையில் 200 ஆணி அடித்துக் கொடுத்தார், தகரத்தில் வட்டம் வட்டமாக வெட்டி எண் எழுதித் துளை போட்டது என் பிள்ளைகள். 117-ஐயும் 171-ஐயும் மட்டும் வேறு நிறத்தில் எழுதியிருக்கிறோம். மொத்தம் 1,400 ரூபாய் ஆனது. கடலூரிலோ புதுச்சேரியிலோ கடல் போட்டி நடத்துகிற யாராக இருந்தாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும். ஆசிரியர் அவர்களிடம் என் முகவரி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்